எட்டைத் தாண்டினால்

றஸ்மியா: ஹலோ, இராமர் அண்ணன், வேன்ட ரெண்டு கதவையும் தொறந்துதானே வச்சீக்கீங்க?

இராமர்: தொறந்துதாங்க மிஸ் இருக்கு. வெயில் நேரா உள்ள அடிக்குது.

றஸ்மியா: ஒபிஸ் கம்ப்யூட்டர்ல இன்னும் மூணு டிகிரிதான் காட்டுது. அசையவே இல்ல.

இராமர்: நம்ம மருந்து வேன் நல்ல வேன்ங்க.

றஸ்மியா: கொட்டாஞ்சேனை வெயில்லயா? பகிடி உடாதீங்க. எட்டைத் தாண்டினா அலாரம் அடிக்கணும். அதப் பாக்கத்தானே வெறும் வேன வச்சு டெஸ்ட் பண்றோம்.

இராமர்: மெஷின்ல ஏதும் கோளாறா...

றஸ்மியா: சூடு பாக்கிற சென்சர் எங்க ஈக்கி?

இராமர்: உள்ளதாங்க.

றஸ்மியா: உள்ள எங்க? கதவுக்கு மேலதானே பூட்டின.

இராமர்: அது வந்துங்க மிஸ்...

றஸ்மியா: அண்ணன்?

இராமர்: கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேங்க. குளிர் காத்து வர்ற ஓட்டை இருக்கில்லீங்களா... அதுக்கு நேரா. டேப் போட்டு.

றஸ்மியா: அல்லாஹ்வே. எத்தின நாளா?

இராமர்: திங்கக்கிழமையில இருந்து.

றஸ்மியா: இண்டைக்கு வியாழன். மூணு நாள் இன்சுலின் போயீக்கி. சூடு புடிச்ச மருந்த யாராவது ஊசி போட்டீந்தா...

இராமர்: நான் என்னங்க செய்வேன்? ஒவ்வொரு பாமசியிலயும் கதவத் தொறந்த ஒடனே ஒம்போது, பத்துன்னு ஏறி பீப் அடிக்குது. அது முதலாளி போனுக்கும் போகுது. மூணு அலாரம் வந்தா வேல இல்லன்னு போன மாசம் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. மூணுக்கு மேலயே அடிச்சிருச்சு, எந்நேரம் கூப்பிடுவாரோன்னுதாங்க பயம். புள்ளைக்கு இப்பதாங்க ஸ்கூல்...

றஸ்மியா: பொறுங்க, பொறுங்க. பாமசில பெட்டிய எடுக்கக்குள்ள அவங்கட தேமோமீட்டரால பாக்கிறல்லயா?

இராமர்: பாத்து, ஸ்லிப்புல எழுதித்தான் கையெழுத்து வைப்பாங்க.

றஸ்மியா: ஸ்லிப் ஈக்கா?

இராமர்: சீட்டுக்கு அடியில இருக்குங்க.

றஸ்மியா: வாசிங்க. ஒண்டும் உடாம.

இராமர்: திங்க... வெள்ளவத்த, நாலு. கிருலப்பன, அஞ்சு. செவ்வா... நாலு, நாலு, ஆறு.

றஸ்மியா: ஆறு எங்க?

இராமர்: மருதானைங்க. அன்னைக்கு ட்ரஃபிக்.

றஸ்மியா: சரி, ஆறு பரவால்ல. செல்லுங்க.

இராமர்: புதன்... அஞ்சு, நாலு... கடைசி ஸ்லிப்புல நம்பருக்கு மேலயே சீல் அடிச்சிருக்காங்க மிஸ்.

றஸ்மியா: நல்லாப் பாருங்க.

இராமர்: இருங்க, வெளிச்சத்துல புடிக்கிறேன்... அஞ்சு. அஞ்சுதாங்க மிஸ்.

றஸ்மியா: அல்ஹம்துலில்லாஹ்... ஒண்டும் எட்டைத் தாண்டல்ல.

இராமர்: நான் இங்க வேன் படியிலயே உக்காந்துட்டேங்க.

றஸ்மியா: உக்காந்தது போதும். சென்சர பழைய எடத்துல வைங்க. நான் இங்க மாத்துறேன். எட்டைத் தாண்டி பத்து நிமிஷம் அப்படியே நிண்டாத்தான் இனி அடிக்கும். சும்மா கதவத் தொறந்து மூடுறதுக்கு அடிக்காது.

இராமர்: அப்படியும் வைக்க ஏலுமா?

றஸ்மியா: நான் முந்தியே வச்சீக்கணும். என்னயத்தான் ஏசணும்.

இராமர்: வச்சிட்டேங்க. கதவு தொறந்தேதான் இருக்கு.

றஸ்மியா: ஏழு... ஒம்பது... பதினொண்டு.

இராமர்: அடிக்கலியே.

றஸ்மியா: பத்து நிமிஷம் எண்டு செல்லல்லயா? டீய குடிங்க.

இராமர்: டீ ஆறிப்போச்சுங்க. ... பத்து நிமிஷமாச்சுங்க. மிஸ், மிஸ், அடிக்குது.

றஸ்மியா: எனக்கும் கேக்குது.

இராமர்: இந்தச் சத்தத்தக் கேட்டு நான் சிரிக்கிறது இதான் மொதத் தடவ. ஆனா இப்ப முதலாளிக்கும் போயிருக்குமே... நானே மேல முதலாளி ரூமுக்குப் போய் டேப் போட்டத சொல்லிடறேங்க. ஒளிச்சு வச்சு என்னால ஏலாது.

றஸ்மியா: அவருக்குப் போகல்ல. மூணு அலாரம் எண்டு அவர் சென்ன அண்டைக்கே அலாரத்துல அவர்ட நம்பர எடுத்துட்டு எண்ட நம்பரப் போட்டுட்டேன். ஒரு மாசமா உங்கட அலாரமெல்லாம் எனக்குத்தான் வந்த. ஒவ்வொண்டும் ரெண்டு நிமிஷத்துல எறங்குறதப் பாத்துட்டுத்தான் சும்மா ஈந்தேன். திங்கக்கிழமை அது நிண்டிச்சு பாருங்க, அண்டைல இருந்து எனக்கு சோறு எறங்கல்ல, அதுதான் இண்டைக்கு டெஸ்ட் வச்ச... நில்லுங்க, தனியப் போகாதீங்க. நானும் வாறேன்.