பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்தால்

கருவடிக்குப்பத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். இளையவர் அவரை மாமா என்று அழைத்தார்.

"கார்ல போலாம்னா வேணாம்னுட்டீங்க. காருக்கு என்ன ஆச்சு மாமா?"

"பின்னாடி லைட்டோட ஃப்யூஸ் நிக்க மாட்டேங்குதுடா. நான் தனியா ஓட்டுனா ஒண்ணும் ஆவறதில்ல. பக்கத்து சீட்டுல ஆளு உக்காந்தா உடனே போயிடுது."

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"அது எப்படி?"

"நானும் பல்பை மாத்துனேன், சுவிட்சை மாத்துனேன். நேத்துதான் மெக்கானிக் கண்டுபுடிச்சாரு. பின்னாடி லைட்டுக்குப் போற ஒயரு அந்த சீட்டுக் காலுக்கு அடியில மாட்டியிருக்கு. ஆளு உக்காந்தா அமுங்கி ஷார்ட் ஆவுது. சீட்டை எப்ப கழட்டுனீங்கன்னு கேட்டாரு."

இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்காவால உக்கார முடியலன்னுதானே, படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக கழட்டுனோம். காரியம் முடிஞ்சப்புறம் நான்தான் திரும்ப மாட்டுனேன். அழுதுகிட்டே மாட்டுனதுல ஒயரைப் பாக்கல."

"சீட்டைத் தூக்கி ஒயரை எடுத்து விட்டா சரியாயிடும் மாமா."

"அவரும் அதத்தான் சொல்லி ஸ்பேனரை எடுத்தாரு. வேணாம்னு வண்டிய வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டேன். அந்த சீட்டு கழண்டு கெடக்கறத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாதுடா."

"ஞாயித்துக்கெழம நான் வந்து கழட்டறேன். நீங்க வீட்டுக்குள்ளயே இருங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "காலையிலயே வந்துடு" என்றார்.