ஒட்டியிருக்கிறதா, ஒட்டியதுபோல் இருக்கிறதா?

அவையை ஆளும் தொழிலாளர் மன்றத் தலைவி கெசினே அம்மையார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் இயக்குநர் லூடெமான் அவர்களே! பசை வாசனையிலேயே தலைநரைத்த பெரியோர்களே! இரவுப் பணி முடிந்தும் வீடு திரும்பாத தாய்மார்களே! எல்பே ஆற்றின் ஊசிக்குளிரை உதறிவிட்டு வந்த தோழர்களே! சோதனைக்கூடத்துத் தியார்க்கின் வணக்கம்.

வணங்கிய கையோடு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தைத் திருப்பும் வால்சுக்கான்களைப் பரிசோதித்த நம் ஹைன்கே இன்று எங்கே? பெட்டி கட்டும் கூடத்தில்! ஏன்? திருடினாரா? தூங்கினாரா? ஒரு தகட்டுக்கு முத்திரை குத்த மறுத்தார். அதுதான் குற்றமாம்!

போன மாதம் விருந்தினர் வந்தார்கள். சுக்கானுக்காகத் தேய்த்துத் துடைத்த கரியிழைத் தகடு, அதாவது கார்பன் ஃபைபர் தகடு, பசைக்காகக் காத்திருந்தது. துளி பிசுக்கு பட்டாலும் பசை பிடிக்காதே; அந்நேரம் கையுறையின்றி எவரும் நெருங்கமாட்டோம். தலைக்குக் கிரீம் பூசியவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். இயக்குநரோ வெறுங்கையால் தடவினார்!

"பாருங்க, என்னா வழவழப்பு!"

"ஐயையோ, கைய எடுங்க சார்! கிரீம் போட்ட கை!" என்று கத்தினார் ஹைன்கே.

"நான் தொட்டா பிளேன் விழுந்துடுமா? இந்தம்மா சோப்பு வாசனையக்கூட சந்தேகப்படும்!"

விருந்தினர் சிரித்தார்கள். மறுபடி துடைத்தால் அவர்கள் காத்திருக்க வேண்டுமே! இயக்குநர் அப்படியே ஒட்டச் சொன்னார்.

யாரங்கே சிரிப்பது? சிரிக்காதீர்கள் தோழரே, எனக்கு வயிறு எரிகிறது!

வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒலியலை அனுப்பிப் பார்த்தோம். குமிழி இல்லை, இடைவெளி இல்லை.

"சுத்தமா இருக்குல்ல? குத்தும்மா முத்திரைய!"

"சார், இடைவெளி இருந்தா ஒலி காட்டிக்குடுக்கும். எவ்வளவு கெட்டியா புடிச்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. சும்மா ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்கிறதும் அதுல நல்லாத்தான் தெரியும். நீங்க கை வச்சத நான் பாத்தேன். குத்த மாட்டேன்."

"அப்போ போய் பெட்டிய ஒட்டுங்க. அதுக்கு முத்திரை வேணாம்."

கேட்டீர்களா? கருவி காணாததைக் கண்ட கண்ணுக்குத் தண்டனை! அந்தச் சுக்கானை நம்பி வானில் ஏறுவது யார்? நம் பிள்ளைகள் இல்லையா? நம் பெற்றோர் இல்லையா? மேகத்தின் நடுவே அது பிரிந்தால், விருந்தினரின் சிரிப்பு வந்து தாங்குமா?

'தகடு என்ன ஆச்சு?' என்கிறார் பின்வரிசை நண்பர். அதற்குத்தான் வருகிறேன்.

சேதமின்றிச் சோதிப்பது நம் தொழில். ஆனால் தலைவி அம்மையார் விடாமல் போராடியதால், நேற்று அந்தத் தகட்டையே அறுத்தோம். மற்ற இடமெல்லாம் உளியும் சுத்தியலும் திணறின. ஓரிடம் மட்டும் வெறும் விரலால் உரித்ததும் வந்துவிட்டது. இதோ, துணியை விலக்குகிறேன். பசை பிடிக்காத இடம் பளபளக்கிறது. பாருங்கள்: ஓர் உள்ளங்கை, ஐந்து விரல்கள்!

இயக்குநர் அவர்களே, மேடைக்கு வாருங்கள். உங்கள் கையை இதன்மேல் வையுங்கள். பொருந்தாவிட்டால் நானும் ஹைன்கேயோடு பெட்டி கட்டப் போகிறேன். பொருந்தினால், அதே கையால் அவரைச் சோதனைக்கூடத்துக்கு அழைத்து வாருங்கள்!

ஏன் கையைப் பைக்குள் மறைக்கிறீர்கள்?

என் கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, மேசைமீது தகட்டை வைத்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.