இருபத்துநான்காவது புள்ளி

அண்ணையின் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனீர்கள், பிள்ளைகள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன் அச்சுக்குப் போகவேண்டுமாம். சோமசேகரம் மாஸ்ரருக்குப் பிடித்த சாப்பாடு, பிடித்த தேவாரம் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். புடலங்காய்ப் பால்கறி பிடிக்கும். தேவாரம் ஒன்றும் அவருக்கு முழுதாகத் தெரியாது.

அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவருடைய தொலைநோக்கியும் தெரியும். அதன் கண்ணாடியை ஆறு மாதம் தானே தேய்த்துச் செய்தவர். ஐம்பத்தாறாம் ஆண்டு செவ்வாய் பூமிக்குக் கிட்ட வந்தபோதுதான் முதன்முதலில் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"ஞானம், ஓடி வா. உன்ரை மாப்பிள்ளையளைக் கலைக்கிறவர் நிக்கிறார், வந்து பார்."

எனக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சம்பந்தங்கள் எல்லாம் சாதகத்தோடு திரும்பிப் போயின. குமர்த் தங்கச்சி வீட்டில் இருக்கத் தான் கலியாணம் முடிப்பதில்லை என்று அவரும் இருந்துவிட்டார்.

"வடிவாத்தான் இருக்கிறார். அவரையே பேசி முடியுங்கோ" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து நான் அவருடைய இரண்டாவது கண். ஒருவர் கண்டால் போதாது என்பது அவருடைய கட்டுப்பாடு. தான் பார்த்து வரைவார். ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்க்க விடுவார். நானும் வரைவேன். பிறகு இரண்டு தாளையும் விளக்கடியில் வைத்து ஒப்பிடுவோம். பதினாறு வருடத்தில் என் தாள் ஒருமுறையும் பிழைபோனதில்லை.

எழுபத்திரண்டு வைகாசியில் ஒருநாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன், தெற்கு வானில் வெகுதூரத்து நட்சத்திரத் திரள் ஒன்றைப் பார்க்கச் சொன்னார். மங்கிய பஞ்சுத் துணுக்குப் போல இருக்கும். தான் வரைந்த தாளை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் எனக்கு இடம் விட்டார். அவர் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. வெடித்துச் சாகும் நட்சத்திரம் ஒன்று, அணைந்துபோக முன் கொஞ்ச நாள் தன் திரள் முழுவதற்கும் ஈடாக ஒளிரும் என்று அவர்தான் சொல்லித் தந்தவர். அப்படி ஒன்றை உறுதியாகக் கண்டு தந்தி அடித்தால் தங்கள் வானாய்வு நிலையத்தில் இடம் தருவதாக அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். "உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போவன்" என்றார் அண்ணை. சொல்வார்கள்தானே. அவருக்கு அங்கே ஒரு வாழ்வு கிடைக்கும், எனக்கு இந்த வீடு மிஞ்சும்.

நட்சத்திரத்துக்கு ஒன்றாக நான் இருபத்துமூன்று புள்ளி போட்டேன். அவருடைய தாளில் இருபத்துநான்கு.

"இதிலை ஒண்டும் காணேல்லையோ?" பஞ்சின் ஓரத்தைத் தொட்டுக் கேட்டார்.

"இல்லை அண்ணை."

"வடிவாப் பாத்தனியோ?"

"ஓம்."

அடுத்த நாளும் இருபத்துமூன்று. மூன்றாம் நாளும் இருபத்துமூன்று. அவர் தந்தி அடிக்கவில்லை. அந்த இருபத்துநான்காவது எனக்கும் தெரிந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவற்றைவிடத் தெளிவாகவே நின்றது.

எங்களைப் பெற்ற அப்பு கடைசி நாட்களில் இல்லாத எறும்புகளைச் சுவரிலிருந்து துடைத்துக்கொண்டே இருந்தவர். அங்கொடை விசர் ஆஸ்பத்திரியில்தான் கண் மூடினார். அது தனக்கும் வருமோ என்ற பயம் அண்ணைக்கு இருந்தது எனக்குத் தெரியும். "அப்புவுக்கும் இப்பிடித்தான் துவங்கினதோ, ஞானம்?" என்று மூன்றாம் நாள் கேட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அண்ணை தொலைநோக்கியின் கண்ணாடியைக் கிணற்றில் போட்டார். பள்ளிக்கூடத்தையும் விட்டார். ஆவணியில் அவருடைய ஆங்கிலச் சஞ்சிகை தபாலில் வந்தது. வேறு நாட்டில் யாரோ அதே நாட்களில் அந்த நட்சத்திரத்தைக் கண்டிருந்தார்கள். படமும், அவர் விரல் வைத்த அதே இடத்தில் ஓர் அம்புக்குறியும். அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் அதை அடுப்பில் வைத்தேன். அன்று அவர் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

பிறகு ஏழு வருடம் எதையும் என்னைக் கேட்டுத்தான் நம்பினார்.

"ஞானம், வாசல் படலையடியிலை ஆரும் நிக்கினமோ?"

"முருங்கையிலை காகம் இருக்கோ?"

இருந்தால் ஓம் என்றேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். அந்த ஏழு வருடமும் நான் அவருக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை. "உன்னைப் போல ஒரு சகோதரம் ஆருக்குக் கிடைக்கும்" என்று பக்கத்து வீட்டு நல்லம்மா சொல்லுவாள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். எழும்ப முடியவில்லை. கொத்தமல்லி வாங்கி வந்து அவித்துத் தருகிறேன் என்று சந்திக்குத் தனியே போனார். புகையிலை லொறி வந்திருக்கிறது. சைக்கிள் கடை சிமியோன் வாசலில் நின்று பார்த்தவர், செத்தவீட்டில் வந்து சொன்னார்:

"மாஸ்ரர் லொறியைக் காணாமல் றோட்டிலை இறங்கேல்லை, அக்கா. நிண்டு நேரை பாத்தவர். என்னைத் திரும்பிப் பாத்து 'லொறி வருகுதோ?' எண்டு கேட்டவர். பகிடி விடுறார் எண்டு நினைச்சு நான் சிரிச்சுப்போட்டன். அவரும் சிரிச்சுப்போட்டு இறங்கினவர்."

சிமியோனில் குற்றம் இல்லை. அவரை ஒருவரும் ஏச வேண்டாம், பிள்ளைகள். அண்ணையின் படத்துக்குக் கீழே, அந்த நட்சத்திரத்தை ஒருவர் துணையும் இல்லாமல் கண்டவர் என்று போடுங்கள். நான் சாட்சி.

எனக்கு மனதில் பாரம் ஒன்றே ஒன்றுதான். ஏழு வருடத்தில் அவரை நான் தனியே விட்டது அந்த ஒரு நாள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.