கோச்சுக்கு நான் கொடுத்த குரல்

டப்பிங் வேலைக்கு ஆகாத காலம் கோடைதான். மின்விசிறியை நிறுத்தினால்தான் குரல் சுத்தமாகப் பதிவாகும். சட்டை முழுக்க நனைந்து, ஏதோ குளிர்தேசத்தில் நிற்கும் ஆள் மாதிரி வசனம் பேச வேண்டும்.

என் பெயர் அப்துல் ரவூப். பர்மாவில், யாங்கூன் நகரத்துக் கியாக்டடா பகுதியில் டிஸ்க் கடை வைத்திருக்கிறேன். இணையம் ஒழுங்காக வராத ஊரில் டிஸ்க்குக்கு இன்னும் ஆள் இருக்கிறது. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் போட்டு, கடைக்குப் பின்னறையில் பதிவு செய்து வெளியிடுவேன். இந்த வருடம் வெளியிட்டது ஓர் ஓட்டப்பந்தயப் படம். கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் விடாத ஊரில், ஒரு கோச் நாலு பேரைச் சேர்த்து அஞ்சல் ஓட்டத்துக்குத் தயார் செய்கிறார். கடைசியில் ஜெயிக்கிறார்கள். கோச்சுக்கு நானே குரல் கொடுத்தேன். "கட்டையை நீட்டுற கை என்ன நிறம்னு பாக்காதே. வாங்கிக்கிட்டு ஓடு" என்று சொல்லும் இடத்தில் எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்துக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். படம் பார்த்தவர்கள் அந்த இடத்தில்தான் அழுததாகச் சொன்னார்கள்.

கடைசியாக ஓடும் பையனுக்குக் குரல் கொடுத்தவன் தேவராஜ், பக்கத்தில் தன்லியின் என்ற ஊரில் இருக்கும் குழந்தைவேலுவின் மகன். இங்கே வாலிபப் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அதனால் தமிழ் வசனத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுப்போம். எழுதிக் கொடுத்தது என் மகள் ஸமீரா. பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு 'ழ' சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். அந்த அளவுக்கு நான் தாராள மனசுக்காரன். என் வீட்டில் ஆளைப் பார்ப்போமே தவிர, சாதி மதம் பார்த்தது கிடையாது.

குரல் பதிவு பாதியில் இருக்கும்போது, ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியலில் தேவராஜின் பெயர் விழுந்துவிட்டது. ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றான்.

"பாய், வீட்டுக்குப் போனா புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. கொஞ்ச நாளைக்கு இங்கயே படுத்துக்கட்டுமா?"

"இது என்னடா கேள்வி? உன் வீடு மாதிரி இருந்துக்க."

மனதாரத்தான் சொன்னேன். எங்கள் ஊரில் வெளியாள் யார் வந்து தங்கினாலும் வார்டு ஆபீசில் தெரிவிக்க வேண்டும். இப்படி ஒளிந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் தெரிவிப்பதில்லை. நானும் தெரிவிக்கவில்லை. என் மனைவி மதீனா பீவி அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு அனுப்பினாள், அதுவும் நல்ல கறித்துண்டாகப் பொறுக்கிப் போட்டு.

கடைசி வசனம் பதிவான அன்று சாயங்காலம் ஸமீரா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, நான் தேவராஜைத்தான் கட்டிக்கப் போறேன். அவரு மார்க்கம் மாற வேணாம். நானும் மாற மாட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கோச்சுக்குப் பேசினது நீங்கதானே, அத்தா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. என்னை நம்பிக் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு, யோசிக்கலாம் என்றேன். மைதானத்தில் கட்டையை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெற்ற பெண்ணை அப்படிக் கொடுக்க முடியுமா? அதை இருபது வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்க வைப்பது?

அவனைத் துரத்தியிருக்கலாமே என்பீர்கள். துரத்தினால் அவளும் கூடவே போயிருப்பாள். அடிக்கவும் எனக்கு மனசு வராது. பிள்ளைகள் மேல் இதுவரை கை நீட்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை மதீனாவையும் ஸமீராவையும் அலோன் பேட்டையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். பிறகு வார்டு ஆபீசுக்குப் போனேன். கடையில் ஒரு விருந்தாளி தங்கியிருக்கிறான், தெரிவிக்க மறந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். பெயரும் ஊரும் கேட்டார்கள், சொன்னேன். வயதை அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். மத்தியானம் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்பதையும் சொன்னேன். அங்கிருந்து நேராக ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அறைக்கதவு திறந்து கிடந்தது. தட்டில் பாதிச் சோறு பிசைந்தபடி இருந்தது. மதீனா பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நானே கழுவி வைத்தேன்.

சேதி கேட்டு, தங்கை வீட்டிலிருந்து ஸமீரா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "யாரு அத்தா காட்டிக் குடுத்திருப்பா? அவங்களுக்குப் புள்ளகுட்டி இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். எனக்கும் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

டிஸ்க் வெளிவந்தது. அட்டையில் தேவராஜின் பெயரை என் பெயருக்கு மேலேயே போட்டேன். அது விற்றுக்கொண்டிருக்கும்போதுதான் அவன் சண்டையில் செத்துப்போன சேதி வந்தது. உடம்பு வரவில்லை. குழந்தைவேலு தன்லியினிலிருந்து பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார்.

"ஒரு டிஸ்க் குடுங்க பாய். அவன் கொரலைக் கேக்கணும்னு அவங்கம்மா அழுவுறா. வீட்டுல போட்டோதான் இருக்கு, கொரல் இல்ல."

ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்புள்ளைக்குக் கடைசியா வயிறாரச் சோறு போட்டது நீங்கதான் பாய்" என்றார். கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு துக்கத்தில் இருக்கிற மனிதரிடமிருந்து எப்படி இழுப்பது? அவர் போனபிறகு கடையைச் சாத்திவிட்டு நானும் அழுதேன்.

ஆமாம், தேவராஜைக் காட்டிக் கொடுத்தது நான்தான். அவன் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. திரும்பி வரக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் மகளுக்காகத்தான் செய்தேன். அவளுக்கும் இப்போது நல்ல இடம் அமைந்திருக்கிறது. மாப்பிள்ளை அஜ்மல், நம்ம ஆள், தொழுகையாளி. போன வாரம் சொந்தக்காரப் பெண்களை வைத்துக்கொண்டு ஸமீராவிடம் சம்மதம் கேட்டோம். கன்னிப்பெண் வாய் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் வாய் திறக்கவில்லை. நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். தேவராஜ் செத்த சேதி வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.