கோடையில் பார்த்த ஊர்

காலை ஏழு இருபதுக்கு அந்தக் கல்யாணம் குழம்பத் தொடங்கியது. மகளைத் திருப்பதி ஹாஸ்டலில் தனியே விட்டுவிட்டு வந்த கலக்கத்தோடு, பழவேற்காடு ஏரிக்கரையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஸ்ரீ சிட்டி பக்கமிருந்து வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, கூட வந்த கல்யாணத் தரகரைக் கேட்டார்:

"இன்னாய்யா, ஊரக் காணோம்?"

"அதோ, தண்ணிக்கு நடுவுல தெரியுது பாருங்க."

"சித்திரையில பொண்ணு பாக்க நடந்துதான போனோம்?"

"அப்போ ஏரி காஞ்சிக் கெடந்துச்சுண்ணே. ஏரியில மீன் புடிக்கிற யானாதி சனங்க ஊரு, கோடையில ஊரு, மழ பேஞ்சா தீவு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க பொண்ணப் பத்தித்தான கேட்டீங்க?"

"ஊரக் கரையில வச்சிருக்கக் கூடாதா?"

"அவங்க தாத்தன் காலத்துலயே ராக்கெட் உடற தளத்துக்கு எடம் உட்டு நகந்து வந்தவங்க. இன்னும் எத்தினி தபா நகருவாங்க?"

"முகூர்த்தம் போய்க்கினு இருக்குது. வேணாம்யா இந்த சம்மந்தம். வேனத் திருப்பு."

எல்லோரும் ஏறினார்கள், மாப்பிள்ளையைத் தவிர.

அப்போது ஒரு படகு கரை தட்டியது. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கோல் ஊன்றி வந்தவள் மணப்பெண்.

"படகு சின்னது மாமா. அவரு மொதல்ல வரட்டும். நீங்க கோவம் தீந்ததும் வாங்க. இல்லன்னா தண்ணி வத்தினதும் வாங்க."