லிஃப்ட் கதவைத் திறந்த கம்பி பற்றிய கூடுதல் வாக்குமூலம்

ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காலையில் என் கணவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதற்குள் இன்ஸ்பெக்டரான உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதால், கையால் எழுதிப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, வயது இருபத்தேழு, பி.எஸ்சி. படித்திருக்கிறேன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் நாலாவது மாடியில் வசிக்கிறேன். பகலில் ஸ்டேஷனில் ரைட்டர் ஐயா டிவி வீடியோவைக் காட்டி, "இது உன் வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டார், ஆமாம் என்றேன். கையில் இருப்பது இரும்புக் கம்பிதானே என்று கேட்டார், அதற்கும் ஆமாம் என்றேன். அதன் பிறகு மேலே சொல்ல வாயெடுத்தபோது, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, குழந்தை அழுது பாரு" என்றார். அழுதாள், உண்மைதான். எழுதியதைப் படித்துக் காட்டினார். அதில் பொய் எதுவும் இல்லாததால் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. விட்டுப்போனதை இதில் எழுதுகிறேன்.

ஆட்சி கவிழ்ந்த அன்று சாயங்காலம் கடைவீதிக் கட்டடத்தின் மேனேஜர் என் கணவருக்குப் போன் செய்து, கரண்ட் போய் லிஃப்டில் ஆள் மாட்டியிருப்பதாகச் சொன்னார். வெளியே கூட்டமாக இருக்கிறது, போக வேண்டாம் என்றேன். "உள்ள இருக்கிறவங்ககிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்ல முடியுமாடி?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். பாப்பா அவர் குரல் கேட்டால்தான் சாப்பிடுவாள் என்பதால், சாயங்கால வேலைக்குப் போகும் நாட்களில் எனக்குப் போன் போட்டு, நிறுத்தாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அன்றும் அப்படியே செய்தார். நான் ஸ்பீக்கரில் போட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். முதலில் கூச்சலும் கண்ணாடி உடைகிற சத்தமும் கேட்டன. "கீழ கட்சி ஆபீஸை உடைக்கிறாங்க, நான் பின்பக்கமா மேல போறேன்" என்றார். அதன் பிறகு மூச்சு வாங்கப் படி ஏறினார். அதன் பிறகு ஒரு பெண் குரல், "அண்ணா, உள்ள புகை வருது, குழந்தை இருக்கு" என்றது. சாவிக்குத் திறக்க மாட்டேங்குதே என்று அவர் முணுமுணுத்தார், அதன் பிறகு கம்பியால் நெம்புகிற சத்தம் வந்தது. "கையை எடுத்துக்கோங்கம்மா" என்றார். உள்ளே இருந்த குழந்தை அழுததைக் கேட்டுப் பாப்பா வாயில் இருந்ததை விழுங்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்த பிறகு அந்தப் பெண், "நல்லா இருப்பீங்கண்ணா" என்றார். அதன் பிறகு என் கணவர் இறங்கி வாசலுக்கு வந்தார். டிவியில் வருவது அந்த இடத்திலிருந்துதான். உடைந்த கண்ணாடி, புகை, கம்பியோடு அவர். மறுநாள் அவரைக் கூட்டிப்போனீர்கள்.

ஒரு சேனலில் அவர் கலவரக் கும்பலின் தலைவன். இன்னொரு சேனலில் புரட்சி வீரன், பின்னால் பாட்டு வேறு. ஓட்டுப் போடும் வரிசையில் நிற்கவே அலுத்துக்கொள்கிறவர் அவர். இரண்டு சேனல்காரர்களும் எங்கள் கதவைத் தட்டிக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்கா, "டிவிலயே காட்டினாங்களேம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். என் மாமியார் நேற்று மெதுவாக, "கும்பலோட போறதை உங்கிட்டகூட சொல்லலையா அவன்?" என்று கேட்டார். பெற்றவரே கேட்டார்.

டிவியில் என் கணவர் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும்போதெல்லாம் பாப்பா ஓடிப்போய் அதை விரலால் தடவி, "அப்பா, பந்து" என்கிறாள். டிவியை அணைத்தால் அழுகிறாள். அவரைப் பார்க்க அவளுக்கு வேறு வழி இல்லை. அதனால் சத்தத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறேன்.

போன் கணக்கில் பேசிய நேரம் இருக்கும், பேசியது இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் எங்கோ இருக்கிறார். அவரும் டிவி பார்த்துப் பயந்திருப்பார். குழந்தையை வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் வந்திருப்பேனா, தெரியவில்லை. மேனேஜர் என் போனை எடுப்பதில்லை. லிஃப்டில் மாட்டியது யார் என்று நீங்கள் கேட்டால் சொல்லுவார்.

மேலே உள்ளது முழுக்க என் காதால் கேட்டது. கண்ணால் பார்த்தது ஒன்றும் இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இந்த முறை விட்டுப்போனது எதுவும் இல்லை என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி

கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் இதைப் பகலில் எழுதிய தாளோடு சேர்த்துவிட்டீர்களா என்று மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள் ஐயா.