பொற்கொடி வெட்டின வயர்

சரி... கோரிக்கையை அப்புறம் படிக்கிறேன். பேசிப் பேசி எனக்குத் தொண்டை காஞ்சு போச்சு, உங்களுக்கும் காது வலிக்கும். நடுவுல ஒரு சின்னக் கதை சொல்லிடறேன், கேளுங்க. பஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்.

ஒரகடம் பக்கம் பொற்கொடின்னு ஒரு பொண்ணு. காருக்குள்ள ஓடுற வயரையெல்லாம் வெட்டி, முனையில பின்னை வெச்சு நசுக்கி கிரிம்ப் அடிச்சு, கட்டாக் கட்டுவாங்கல்ல... அந்த வேலையில ஒம்போது வருஷம் லைன்ல நின்னவ. ஒரு நாள் லைனையே மூடிட்டாங்க. கணக்கு முடிக்கப் போனா, ஆபீசர் கேக்கறாரு: "வயர் வெட்டறதைத் தவிர உங்களுக்கு வேற என்னம்மா தெரியும்?"

எப்படி இருக்கும் கேட்டா? எரியுமா எரியாதா?

எரிஞ்சுது. வெட்டின வயரையே கம்ப்யூட்டர்ல படமா வரையக் கத்துக்கிட்டா. ஒரு கம்பெனி, வீட்லேருந்தே வரையலாம், ஆனா பரீட்சை எழுதணும்னு சொல்லிச்சு. திங்கக்கிழமை காலையில ஒம்போது மணி. நாலு மணி நேரம். சொந்தக் கம்ப்யூட்டர். நடுவுல அது நின்னா பரீட்சை போச்சு... வேலையும் போச்சு.

வீடு எப்படி? ஒரே ரூம். அவ, புருஷன் ஏழுமலை, ரெண்டு பொண்ணுங்க. மிச்சம் இருந்த இடம் எது தெரியுமா? சிமெண்ட் ஷெல்ப்ல அரிசி டப்பாவுக்கும் சாமி படத்துக்கும் நடுவுல ஒரு சாண். அங்க பெரிய கம்ப்யூட்டர் பெட்டி உக்காருமா? அந்த வேலைக்கு ஆகுற லேப்டாப் வெலையும் அவளுக்கு எட்டாது. அதனால பழைய கம்ப்யூட்டர் சாமான் விக்கிற பஷீர் பாய் கடையில ஒண்ணொண்ணாப் பொறுக்கினா. பெட்டி மட்டும் சின்னதா ஒண்ணு... மூணு செங்கல்லை அடுக்கின அளவு. ஒருத்தர் வாங்கிட்டுப் போயி, இதுல கட்டவே முடியலன்னு திருப்பிக் குடுத்த பெட்டி. பாயும் வேணாம்னுதான் சொன்னாரு. இவ கேக்கல.

சனிக்கிழமை காலையில கட்டினா. எல்லாம் உள்ள போச்சு. மூடி மட்டும் மூடல. நாம என்ன பண்ணுவோம்? அதேதான் அவளும் பண்ணினா. முழங்காலை வெச்சு அமுக்கி ஸ்க்ரூவை முடுக்கிட்டா. இருபது நிமிஷம் ஓடிச்சு... நின்னுது. தொட்டா தோசைக்கல்லு. உள்ள வயர் கத்தை ஃபேனை அழுத்திப் பிடிச்சிருக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில பையில போட்டுக்கிட்டு பாய் கடைக்குப் போனா. பாய் நல்ல மனுஷன். மூடியைக் கழட்டிட்டு ஓட்டிக்கங்க, இல்ல பெரிய பெட்டி எடுத்துட்டுப் போங்கன்னாரு. ஒரே ரூம்ல, குக்கர் ஆவியில, பல்லி ஓடுற வீட்ல மூடியில்லாம ஓட்டறதா?

இவ பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னா. மதர்போர்டுக்குக் கரண்டு கொண்டு போற வயர் ரெண்டடி நீளம். இந்தப் பெட்டியில அது போக வேண்டிய தூரம்... நாலு விரக்கடை. பெட்டி சின்னதில்ல. வயர்தான் நீளம்.

வயர் வெட்டுற கட்டிங் பிளேயரைக் கேட்டா. பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அக்கா, அது கம்பெனி போட்ட வயரு. அதுல கை வைக்கக் கூடாது."

அப்ப அவ சொன்னா: "கம்பெனின்னா யாரு பாய்? எங்கயோ ஒரு லைன்ல என்னை மாதிரி ஒரு பொம்பள நின்னு வெட்டினது. பெரிய பெட்டின்னு அவளுக்கு அளவு குடுத்தாங்க, அவ வெட்டினா. என் பெட்டி அளவு எனக்குத் தெரியும். நான் வெட்டறேன்."

...

பாய்கிட்ட பிளேயரும் கிரிம்ப் அடிக்கிற கருவியும் வாங்கிட்டு வந்து வீட்ல உக்காந்தா. ஒரு வயரை வெட்டுவா. கிரிம்ப் அடிப்பா. இழுத்துப் பாப்பா. லைன்ல அதான் பழக்கம், இழுத்துப் பாக்காம அடுத்ததுக்குப் போகக் கூடாது. அப்படி அம்பதுக்கு மேல. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாம் முடிச்சு பட்டனை அமுக்கினா... ஒண்ணுமே இல்ல. செத்த மாதிரி கெடக்கு. பட்டனோட வயரை மாட்ட மறந்துட்டா. அது எங்க இருக்கு? எல்லாத்துக்கும் அடியில.

ஏழுமலை ஆட்டோ ஓட்டறவரு. ரெண்டு வயரைத் தொட வெச்சு ஸ்டார்ட் பண்ணிக்கலாம், விடுன்னாரு. இவ முதல் ஸ்க்ரூவைக் கழட்டினா. மொத்தத்தையும் வெளிய எடுத்து, அந்த வயரை மாட்டி, திரும்பக் கட்டினா. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு மூடி... ஒரு விரல்ல மூடிச்சு.

திங்கக்கிழமை நாலு மணி நேரம் ஓடிச்சு. நிக்கல. வேலை கெடைச்சுது.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாளைக்கு நிர்வாகத்தோட பேச்சுவார்த்தை. ஷிப்ட் ஆறு மணிக்கு வேணாம், ஏழு மணிக்கு வைங்கன்னு கேக்கப் போறோம். என்ன சொல்லுவாங்க? "அது கம்பெனி ரூல், அதுல கை வைக்க முடியாது." சொல்லுவாங்களா மாட்டாங்களா?

ரூல் என்ன வானத்துலேருந்தா விழுந்துச்சு? ஒரு ஆளு போட்டாரு. சமைச்சு வைக்கவும் புள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் வீட்ல வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சுப் போட்டாரு. அது அவர் வீட்டு அளவு. நம்ம வீட்டு அளவு இல்ல. நாம மூணு வருஷமா என்ன பண்றோம்? முழங்கால் வெச்சு அமுக்கறோம். மூணு மணிக்கு எந்திரிக்கிறோம், சாப்பிடாம ஓடி வர்றோம். போன மாசம் நம்ம தேவகி லைன்லயே மயங்கி விழுந்தா. அவ உடம்பு சரியில்லன்னோம். இல்லம்மா... அவ உடம்புல ஒரு கொறையும் இல்ல, கொறை அந்த ஆறு மணியிலதான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

நாளைக்கு அந்த ரூம்ல யாராவது "இது கம்பெனி போட்டது"ன்னு சொன்னா, தலையைக் குனியாதீங்க. நேராப் பாத்துச் சொல்லுங்க: போட்டதும் மனுஷங்கதான், மாத்தறதும் மனுஷங்கதான். எங்க வீட்டு அளவு எங்களுக்குத் தெரியும். ஏழுன்னு எழுதுங்க. எழுதற வரைக்கும் நாங்க இங்கேருந்து எந்திரிக்கப் போறதில்ல.